கார் பேட்டரி மாத்தணுமா? பணத்தை நீட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



நம்ம சேனல்ல எஸ்.ஐ.பி., டெர்ம் இன்ஷூரன்ஸ், வீட்டுக்கடன்னு பெரிய விஷயங்களைத்தான் அதிகமா பேசுறோம். இன்னைக்கு ஒரு சின்ன செலவு. நாலாயிரத்துல இருந்து ஏழாயிரம் ரூபாய்க்குள்ள முடியுற செலவு. கார் பேட்டரி.

இதுக்கு ஏன் ஒரு பதிவு? டி.வி. வாங்கணும்னா பத்து நாள் விலை பார்க்கிறோம், ஆஃபருக்குக் காத்திருக்கிறோம். பேட்டரியை மட்டும் யாரும் அப்படி வாங்கறதில்லை. காலையில ஆபீஸுக்குக் கிளம்பும்போதோ, ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதோதான் அது காலை வாரும். அந்த நேரத்துல யார் போனை எடுக்கிறாங்களோ அவங்கதான் கடைக்காரர், அவங்க சொல்றதுதான் விலை. அவசரத்துல வாங்கும்போது நம்ம பேரம் பேசுற சக்தி பூஜ்ஜியம். சேமிக்க வேண்டியது முதல்ல இந்த இடத்துலதான்.

பெரும்பாக்கம் பக்கம் பேட்டரி ஏன் சீக்கிரம் போகுது?

ரெண்டு காரணம். ஒண்ணு வெயில், இன்னொண்ணு சும்மா நிற்கிறது.

குளிர்ல பேட்டரி படுத்துக்கும்னு வெளிநாட்டு வீடியோக்கள்ல சொல்லுவாங்க. நமக்கு அது பொருந்தாது. நம்ம ஊர்ல பேட்டரியைக் கொல்றது சூடு. உள்ளே நடக்கிறது ஒரு ரசாயன மாற்றம். சூடு கூடக்கூட அந்த மாற்றமும் வேகமாகும், உள்ளே இருக்கிற ஈயத் தகடுகளோட அரிப்பும் வேகமாகும். வெப்பநிலை 10 டிகிரி கூடினா ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்னு பேட்டரி துறையில ஒரு தோராயக் கணக்கு உண்டு. அக்னி நட்சத்திர வெயில்ல, கூரையில்லாத பார்க்கிங்ல நிற்கிற காரோட பானெட்டுக்குள்ள கை வெச்சுப் பாருங்க, புரியும். சென்னையில ஒரு சாதாரண பேட்டரி மூணு, மூணரை வருஷம் ஓடினா அது ஏமாத்தலைன்னு அர்த்தம். நாலு வருஷம் தாண்டினா உங்களுக்கு லாபம்.

அடுத்தது நிற்கிற வண்டி. பெரும்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் நிறைய பேருக்கு ஆபீஸ் எல்காட்லயோ ஓ.எம்.ஆர்.லயோ இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் ஆபீஸ், மீதி நாள் வீட்ல இருந்தே வேலை. பக்கத்துல போக ஸ்கூட்டர். கார் அபார்ட்மென்ட் பார்க்கிங்ல தூசி படிஞ்சு நிற்கும்.

அப்படி நிற்கும்போதும் கார் கரண்ட் குடிச்சுக்கிட்டுதான் இருக்கும். ரிமோட் லாக், அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் மெமரி எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியருக்குள்ள இழுத்தா அது நார்மல். கணக்குப் போடுங்க. 50 மில்லி ஆம்பியர், 24 மணி நேரம்: ஒரு நாளைக்கு 1.2 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர்). சின்ன பெட்ரோல் கார்ல இருக்கிறது 35 ஏ.ஹெச். பேட்டரி. ரெண்டு வாரத்துல பாதி காலி! பார்க்கிங்லயும் ரெக்கார்டு பண்ற டேஷ்கேம் மாட்டி, அது கால் ஆம்பியர் இழுத்தா ஒரு நாளைக்கு 6 ஏ.ஹெச். மூணே நாள்ல பாதி போயிடும்.

பாதி சார்ஜ்ல வாரக்கணக்கா கிடக்கிற பேட்டரியில ஈய சல்ஃபேட் படிகங்கள் தகட்டு மேல கெட்டியாப் படியும். அதுக்கப்புறம் சார்ஜ் ஏத்தினாலும் பழைய கொள்ளளவு முழுசா திரும்பாது. ஓட்டாத காருக்குத்தான் பேட்டரி செலவு அதிகம்னு சொல்றது இதனாலதான்.

பேட்டரிதான் போச்சான்னு முதல்ல உறுதி பண்ணுங்க

கார் ஸ்டார்ட் ஆகலைன்னா உடனே புது பேட்டரின்னு முடிவு பண்ணாதீங்க. நாலு விஷயத்துல எது வேணா காரணமா இருக்கலாம்: டெர்மினல் துரு, ஆல்டர்னேட்டர் கோளாறு, எங்கேயோ கரண்ட் கசிவு, இல்லைன்னா நிஜமாவே பேட்டரி.

முதல்ல பானெட்டைத் திறந்து டெர்மினலைப் பாருங்க. வெள்ளையா, பச்சையா பூத்திருந்தா அதுவே கரண்டைத் தடுக்கும். வெதுவெதுப்பான தண்ணியில ஆப்பசோடா கலந்து பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சுக் கழுவி, நல்லா துடைச்சு, நட்டை இறுக்கி, மேல கொஞ்சம் வாசலின் தடவுங்க. செலவு பத்து ரூபாய். கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில. இந்த வரிசை முக்கியம்.

அடுத்து ஒரு சாதாரண மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்தான், ஃபிளாட்ல நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கினாலும் போதும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலையில அளந்து பாருங்க:

- 12.6 வோல்ட் அல்லது மேல: முழு சார்ஜ்.
- 12.4: ஏறக்குறைய முக்கால்.
- 12.2: பாதி.
- 12.0 அல்லது கீழ: கிட்டத்தட்ட காலி.

இப்போ வண்டியை ஸ்டார்ட் பண்ணி (தேவைப்பட்டா ஜம்ப் ஸ்டார்ட் செஞ்சு) திரும்ப அளங்க. 13.8-ல இருந்து 14.5 வரைக்கும் காட்டினா ஆல்டர்னேட்டர் ஒழுங்கா சார்ஜ் ஏத்துதுன்னு எடுத்துக்கலாம். இன்ஜின் ஓடும்போதும் 12.5-லயே நின்னா, கோளாறு பேட்டரியில இல்லை. இந்த நிலைமையில புது பேட்டரி வாங்கினா அதுவும் ரெண்டு நாள்ல படுத்துக்கும். ஐயாயிரம் ரூபாய் வீண். சில புது மாடல் கார்கள்ல பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரே அப்பப்போ வோல்டேஜைக் குறைச்சுக்கும். அதனால ஹெட்லைட், ஏ.சி. ரெண்டையும் போட்டுட்டு இன்னொரு தடவை அளந்துட்டு முடிவு பண்ணுங்க.

நின்னு நின்னு சார்ஜ் இறங்கின பேட்டரின்னா, கடையில கொடுத்து மெதுவா முழு சார்ஜ் ஏத்தச் சொல்லுங்க. அப்புறம் லோடு டெஸ்ட். ஸ்டார்ட்டர் இழுக்கிற நேரத்துல வோல்டேஜ் 9.6-க்குக் கீழ விழுந்தா பேட்டரி தளர்ந்துடுச்சு. 10-க்கு மேல நின்னா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். நிறைய கடைகள்ல இந்த டெஸ்டை இலவசமாவே பண்ணித் தருவாங்க. மூணு வருஷம் முடிஞ்ச பேட்டரின்னா, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஒரு தடவை இந்த டெஸ்டைப் பண்ணிடுங்க. அவசரத்துல வாங்குற நிலைமையே வராது.

எந்த சைஸ்? பெட்டி மேல இருக்கிற எழுத்தைப் படிங்க

பழைய பேட்டரி மேல "38பி20எல்" மாதிரி ஒரு குறியீடு இருக்கும். இது ஜப்பான் முறை. 38-ங்கிறது திறனைக் குறிக்கிற எண். ஆம்பியர்-ஹவர்னு நினைச்சுடாதீங்க. 'பி' அகலம், உயரத்தோட வகை. 20 நீளம், சென்டிமீட்டர்ல. கடைசி 'எல்', பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம்னு சொல்லுது. எல்-க்கு பதிலா ஆர் வாங்கினா வண்டியோட கேபிள் எட்டாது. இழுத்துக் கட்டி மாட்டினா ஷார்ட் ஆகிற ஆபத்து வேற.

ஐரோப்பிய முறைன்னா "டின் 44", "டின் 60" மாதிரி இருக்கும். இந்த ரெண்டு வகைக்கும் உயரமும் முனையும் வேற வேற. ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணு சரியா உட்காராது.

பேட்டரி மேல பார்க்க வேண்டிய இன்னொரு எண் சி.சி.ஏ. ஸ்டார்ட் பண்ற நேரத்துல எவ்வளவு ஆம்பியர் தள்ளும்ங்கிற அளவு. ஒரே 35 ஏ.ஹெச்.ல ரெண்டு மாடல் ஒரே விலையில கிடைச்சா, சி.சி.ஏ. அதிகமா இருக்கிறதை எடுங்க.

"சார், பெருசா போட்டுக்கோங்க, பவர் கூடும்"னு சொன்னா தலையாட்டாதீங்க. கார் கம்பெனி சொன்ன ஏ.ஹெச்.சை விடக் குறைச்சா வாரண்டி க்ளெய்ம்ல சிக்கல் வரும். கூட்டினா கூடுதல் காசு கொடுத்ததுதான் மிச்சம், கார் வேகமா ஓடாது.

ஒரு விதிவிலக்கு. சிக்னல்ல தானா இன்ஜின் அணைஞ்சு, கிளட்சை மிதிச்சா திரும்ப ஓடுற வசதி உங்க கார்ல இருக்கா? அப்போ கம்பெனி கொடுத்தது இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை பேட்டரியா இருக்கும். இது விலை அதிகம். அதை எடுத்துட்டு சாதாரண பேட்டரியைப் போட்டா ரெண்டாயிரம் மிச்சம்னு சொல்லுவாங்க. மேடவாக்கம் ஜங்ஷன் டிராஃபிக்ல ஒரு நாளைக்கு முப்பது தடவை அணைஞ்சு ஓடும்போது சாதாரண பேட்டரி தாங்காது. அந்த மிச்சம் ஒரே வருஷத்துல செலவாத் திரும்பி வரும்.

வாரண்டி: கணக்கு ஒளிஞ்சிருக்கிற இடம்

"60 மாச வாரண்டி சார்!" இந்த வார்த்தையை அப்படியே நம்பாதீங்க. கார்டைப் பார்த்தா "30+30"னு இருக்கும். முதல் 30 மாசம் பழுதானா இலவசமா வேற பேட்டரி. அடுத்த 30 மாசம் புரோ ராட்டா. அதாவது புது பேட்டரி வாங்கும்போது ஒரு தள்ளுபடி. அந்தத் தள்ளுபடி பொதுவா எம்.ஆர்.பி. மேலதான் கணக்காகும். நீங்க கடையில வாங்குற விலை மேல இல்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக மட்டும்.

- எம்.ஆர்.பி.: 6,000 ரூபாய்
- பழைய பேட்டரியைக் கொடுத்துட்டு கடையில சாதாரணமா வாங்குற விலை: 4,500 ரூபாய்
- 40-வது மாசம் பழுதாகுது. புரோ ராட்டா தள்ளுபடி 25 சதவீதம். 6,000-ல 1,500 கழிச்சா நீங்க கொடுக்க வேண்டியது 4,500 ரூபாய்

என்ன ஆச்சு? வாரண்டியே இல்லாத ஆள் வாங்குற அதே விலை. பழைய பேட்டரியும் க்ளெய்ம்ல போயிடும். கையில கிடைச்ச லாபம் பூஜ்ஜியம். அதனால பேட்டரியை ஒப்பிடும்போது பிளஸ் குறிக்கு முன்னாடி இருக்கிற எண்ணை மட்டும் பாருங்க.

இப்போ மூணு பேட்டரியை ஒப்பிடுவோம்.

- முதல் பேட்டரி: 2,800 ரூபாய், 12 மாச இலவச வாரண்டி. மாசத்துக்கு 233 ரூபாய்.
- ரெண்டாவது: 4,200 ரூபாய், 24+24. இலவச மாசத்துக்கு 175 ரூபாய்.
- மூணாவது: 5,100 ரூபாய், 36+36. இலவச மாசத்துக்கு 142 ரூபாய்.

காரை இன்னும் நாலஞ்சு வருஷம் வெச்சுக்கப் போறீங்கன்னா மூணாவது நல்லது. அடுத்த வருஷம் காரை விக்கப் போறீங்கன்னா ரெண்டாவதே போதும், வாங்குறவர் பேட்டரி வாரண்டிக்காக உங்களுக்கு 900 ரூபாய் கூடத் தரப்போறதில்லை. முதல் பேட்டரி யாருக்கும் வேண்டாம். விலை குறைவுன்னு தெரியுது, மாசக் கணக்குல அதுதான் அதிக விலை.

இன்னும் மூணு விஷயம் கவனிங்க. இலவசமா மாத்திக் கொடுத்தாலும், வாரண்டி பொதுவா புதுசா ஆரம்பிக்காது, பழைய வாரண்டியில மீதி இருக்கிற மாசம்தான் தொடரும். சார்ஜ் இறங்கினது மட்டும் பழுது ஆகாது, சார்ஜ் ஏத்தித் திருப்பிக் கொடுத்துடுவாங்க. டாக்ஸியா ஓடுற வண்டிக்கு வாரண்டி காலம் பல மாடல்கள்ல குறைவு. காரை ஓலா, ஊபர்ல ஓட்டுறவங்க இதைக் கேட்டுட்டு வாங்குங்க.

தயாரிப்பு மாசம், ஜி.எஸ்.டி., பில்

பேட்டரி அலமாரியில தூங்கினாலும் வயசாகும். பேக்கேஜ் பொருள் மேல தயாரிச்ச மாசம், வருஷம், எம்.ஆர்.பி. இருக்கணும்ங்கிறது சட்ட அளவியல் விதி. மூணு மாசத்துக்குள்ள தயாரிச்சதைக் கேளுங்க. ஆறு மாசம் தாண்டினதுன்னா வேற கேளுங்க, இல்லைன்னா விலையைக் குறைக்கச் சொல்லுங்க. மாட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வெச்சு அளந்து காட்டச் சொல்லுங்க. புது பேட்டரியே 12.4 காட்டினா முழு சார்ஜ் இல்லாமத்தான் உங்க கைக்கு வருது.

ஜி.எஸ்.டி. விஷயம் ரொம்ப முக்கியம். 2025 செப்டம்பர் 22 முதல் கார் பேட்டரிக்கு வரி 28 சதவீதத்துல இருந்து 18 ஆகக் குறைஞ்சிருக்கு. அதுக்காக விலை 10 சதவீதம் குறையணும்னு நினைக்கக் கூடாது. வரிக்கு முன்னாடி 5,000 ரூபாய் இருக்கிற பேட்டரி 6,400-க்கு வித்தது, இப்போ 5,900. குறைஞ்சது 500 ரூபாய், அதாவது 7.8 சதவீதம். பழைய எம்.ஆர்.பி. ஸ்டிக்கரைக் காட்டி "இதுல இருந்து டிஸ்கவுண்ட்"னு சொன்னா, அந்த டிஸ்கவுண்ட்ல ஒரு பகுதி அரசு குறைச்ச வரிதான், கடைக்காரர் கொடுத்தது இல்லை. புது வரிக்கான விலை என்னன்னு கேட்டுட்டு அதுல இருந்து பேரத்தை ஆரம்பிங்க.

"பில் வேணும்னா ஜி.எஸ்.டி. எக்ஸ்ட்ரா"ன்னு எம்.ஆர்.பி. மேல கேட்டா அது தப்பு. எம்.ஆர்.பி.யில எல்லா வரியும் அடக்கம். பில் இல்லாம வாங்கினா 300, 400 ரூபாய் குறையலாம், ஆனா வாரண்டியும் கூடவே போயிடும். பில்லுல பேட்டரியோட சீரியல் நம்பர், உங்க வண்டி நம்பர் ரெண்டும் இருக்கட்டும். க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி வாரண்டியை அன்னைக்கே பதிவு பண்ணி, பில்லையும் கார்டையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பி வெச்சுக்கோங்க. கடைக்காரர் க்ளெய்மை மறுத்தா 1915-க்கு, அதான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் பண்ணலாம்.

பிராண்ட் பத்தி ஒரு வரி. எக்ஸைடு ஓசூர்ல தயாரிக்குது. அமரான் பேட்டரியைத் தயாரிக்கிற அமர ராஜா திருப்பதி பக்கத்துல. எஸ்.எஃப். சோனிக்கும் எக்ஸைடு குழுமத்தோடதுதான். டாடா கிரீன் மாதிரி வேற பிராண்டுகளும் இருக்கு. பிராண்டுக்குள்ள சண்டை போடுறதை விட, தயாரிப்பு மாசமும் இலவச வாரண்டி மாசமும் பார்க்கிறது உங்க பணத்துக்கு நல்லது.

பழைய பேட்டரியைச் சும்மா கொடுக்காதீங்க, எங்கேயும் கொடுக்காதீங்க

பேட்டரியோட எடையில பாதிக்கு மேல ஈயம். அதுக்கு எப்பவும் விலை உண்டு. அதனாலதான் கடைக்காரர் ரெண்டு விலை சொல்றாரு: பழசு கொடுத்தா ஒரு விலை, கொடுக்காட்டி ஒரு விலை. போன்ல விசாரிக்கும்போது ரெண்டையும் தனித்தனியா கேளுங்க. "எல்லாம் சேர்த்து 4,500"ன்னு மட்டும் கேட்டுக்கிட்டா எக்ஸ்சேஞ்ச் மதிப்பு எவ்வளவுன்னே தெரியாது. மூணு கடையில கேட்டாலே இதுல மட்டும் சில நூறு ரூபாய் வித்தியாசம் தெரியும்.

காயலான் கடையில நூறு, இருநூறு கூடக் கொடுப்பாங்கன்னா? வேண்டாங்க. அப்படிப் போற பேட்டரி பல நேரம் எங்கேயோ ஒரு கொட்டகையில உடைபடும், ஆசிட் மண்ணுல ஊத்தப்படும், ஈயம் திறந்த அடுப்புல உருகும். அந்தப் புகையும் தூசியும் குழந்தைங்க மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2022-ல வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி, பழைய பேட்டரியைச் சேகரிச்சு மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளர்களோடது. புது பேட்டரி வாங்குற கடையிலயே பழசைக் கொடுங்க. நம்ம பக்கத்துலயே சதுப்பு நிலமும் ஏரியும் இருக்கு. அந்தத் தண்ணிதான் நம்ம போர்வெல்லுக்கும் வருது.

இன்ஷூரன்ஸ் தருமா?

வயசாகிப் போன பேட்டரிக்குத் தராது. விபத்துலயோ வெள்ளத்துலயோ போனா தரும், ஆனா சாதாரண பாலிசியில பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர்னு எத்தனை கார் தண்ணியில நின்னுச்சுன்னு நமக்குத் தெரியும். அப்படி நின்னா தயவுசெய்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. பேட்டரி செலவு ஆயிரங்கள்லதான், இன்ஜினுக்குள்ள தண்ணி போனா லட்சத்தைத் தொடும்.

பாலிசியில ரோடுசைடு அசிஸ்டன்ஸ் இருக்கான்னு இப்பவே பாருங்க. இருந்தா பெரும்பாலும் ஜம்ப் ஸ்டார்ட் அதுல அடக்கம். ராத்திரி 11 மணிக்கு அந்த நம்பர் ஒண்ணு போதும், அவசர விலைக்கு பேட்டரி வாங்காம மறுநாள் நிதானமா மூணு கடையில விசாரிச்சு வாங்கலாம்.

ஆயுளைக் கூட்ட ரெண்டு பழக்கம்

ஒண்ணு, வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரத்துக்குக் குறையாம ஓட்டுங்க. மேடவாக்கம், கேம்ப் ரோடு, சேலையூர் வழியா தாம்பரம் போய்ட்டு வந்தா போதும். பார்க்கிங்லயே பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு அணைக்கிறதுல பெட்ரோல்தான் போகும், பேட்டரி நிறையாது. ரெண்டு, ஊருக்குப் போய் மூணு வாரம் வரமாட்டீங்கன்னா நெகட்டிவ் கேபிளைக் கழட்டி வெச்சுடுங்க. திரும்பி வந்ததும் கடிகாரத்தையும் ரேடியோவையும் சரி பண்ணணும், அவ்வளவுதான்.

கடைசியா, பட்ஜெட்

பேட்டரி போறது எதிர்பாராத செலவே இல்லை. தேதி மட்டும்தான் தெரியாது. 5,000 ரூபாயை 42 மாசத்தால வகுத்தா மாசத்துக்கு 120 ரூபாய். டயர், சர்வீஸ், இன்ஷூரன்ஸோட இதையும் சேர்த்து காருக்குன்னு தனியா ஒரு ஆர்.டி. போட்டு வெச்சுட்டா, எமர்ஜென்சி ஃபண்டைத் தொட வேண்டாம், கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யும் வேண்டாம்.

இப்போ ஒரு வேலை செய்யுங்க. பானெட்டைத் திறந்து பேட்டரி மேல இருக்கிற குறியீடு, தயாரிச்ச மாசம், ஏ.ஹெச். மூணையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. மூணு வருஷம் தாண்டியிருந்தா இந்த வாரமே டெஸ்ட் பண்ணுங்க. உங்க பேட்டரி எத்தனை வருஷம் ஓடுச்சு, எக்ஸ்சேஞ்சுக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க, அடுத்து வாங்கப் போறவங்களுக்கு அந்த விலை உதவும்.

அடுத்த பதிவுல டயர் கணக்கோட சந்திப்போம்.